பிழை பிறக்கும் இடம்: வரலாற்றுச் சுடும் விளையாட்டுகளில் குறிபார்த்தலின் நிஜத்தன்மை

வரலாற்றுப் போர்களைக் களமாகக் கொண்ட முதல்நபர் சுடும் விளையாட்டுகளில் குறிபார்த்தல் என்பது அடிப்படையில் ஒரு வடிவியல் கணக்கு. ஆட்டக்காரரின் கண் இருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளியிலிருந்து திரையின் நடு வழியாக ஒரு கோடு நீள்கிறது. அது முதலில் எதைத் தொடுகிறதோ அதன்மேல் குண்டு பட்டதாக நிரல் முடிவு செய்கிறது. இந்தக் கணக்கில் பிழைக்கு இடமே இல்லை. உண்மையான துப்பாக்கியோ பிழைகளோடு வாழ்கிறது. குழலில் ஒரு பிழை, கண்ணில் ஒரு பிழை, தொலைவை மதிப்பிடுவதில் ஒரு பிழை, நடுங்கும் கையிலும் அஞ்சும் மனத்திலும் ஒரு பிழை. ஆகவே நிஜத்தை நாடும் எந்த விளையாட்டும் தன்னிடம் இல்லாத பிழையை வலிந்து சேர்த்தாக வேண்டும். எந்தப் பிழையை, எங்கே, எவ்வளவு சேர்க்கிறது என்பதைக் கொண்டே அதன் நிஜத்தன்மையை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். துப்பாக்கி மரத்தின் நிறம், போல்ட்டின் ஓசை, தோட்டா உறையின் பளபளப்பு ஆகியவற்றில் காட்டப்படும் துல்லியம் அதற்கு அடுத்த படியில்தான் நிற்கும்.

முதல் தலைமுறை விளையாட்டுகள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1993இல் வெளியான டூம் விளையாட்டில் பார்வையை மேலும் கீழும் திருப்ப வழியில்லை. மேடைமேல் நிற்கும் எதிரியின் பக்கம் திரும்பினாலே போதும், உயரத்தை நிரலே சரிசெய்துகொண்டது. இரண்டாம் உலகப் போரை இந்த வகைக்குள் பரவலாகக் கொண்டுவந்த மெடல் ஆஃப் ஆனர் 1999இல் பிளேஸ்டேஷனில் வந்தது. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் எண்ணத்தில் தொடங்கிய விளையாட்டு அது. அதன் தொடர்ச்சியாக 2002இல் வந்த அலைட் அசால்ட், ஓமாஹா கடற்கரைத் தரையிறக்கத்தைக் கண்முன் நிறுத்தியது. எனினும் அதில் தொலைநோக்கி பொருத்தாத துப்பாக்கி எதுவும் கண்ணுக்கு உயர்த்தப்படவில்லை. அது திரையின் கீழ்மூலையில் கிடக்க, குறி என்பது திரை நடுவில் மிதக்கும் ஒரு குறுக்குக்கோடாகவே இருந்தது.

துப்பாக்கியைக் கண்ணுக்கு உயர்த்திக் குழல்மேல் உள்ள குறிகள் வழியே பார்க்கும் முறை 2001இல் வந்த ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட், 2003இல் வந்த வியட்காங் ஆகியவற்றில் இருந்தது. அதைப் பெருந்திரள் ஆட்டக்காரர்களிடம் கொண்டு சேர்த்தது 2003இன் கால் ஆஃப் டூட்டி. அது செய்த மாற்றம் வெறும் தோற்ற மாற்றமன்று. பிழைக்கு முதன்முறையாக ஓர் ஒழுங்கான இடம் கிடைத்தது. இடுப்பிலிருந்து சுட்டால் குண்டு ஒரு கூம்புக்குள் ஏதோ ஒரு திசையில் தற்செயலாகப் போகும். குறிகளைக் கண்ணுக்கு உயர்த்தினால் கூம்பு சுருங்கும், நடை வேகமும் குறையும். வேகமா துல்லியமா என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உருவானது. குறை என்னவென்றால், குறியை உயர்த்திய மறுகணமே பிழை ஏறத்தாழ முழுதும் மறைந்துவிடுகிறது. உண்மையில் ஒரு ரைஃபிள் வீரரின் சிக்கல்கள் தொடங்குவதே அந்தக் கணத்தில்தான்.

ரைஃபிளில் குறிபார்ப்பவர் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்: கண்ணுக்கு அருகில் பின்குறி, குழல் நுனியில் முன்குறி, தொலைவில் இலக்கு. மூன்றையும் ஒருசேரத் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது. முன்குறியில் பார்வையைக் குவித்து, இலக்கை மங்கலாக விட வேண்டும் என்பது சுடும் பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று. ஜெர்மன் காரபினர் 98கே ரைஃபிளில் இரு குறிகளுக்கும் இடைத்தூரம் சுமார் 50 செ.மீ. பின்குறியின் வெட்டுக்கு நடுவிலிருந்து முன்குறி ஒரேயொரு மில்லிமீட்டர் விலகி நின்றால், குண்டு 100 மீட்டரில் 20 செ.மீ.யும் 300 மீட்டரில் 60 செ.மீ.யும் விலகிப் போகும். மனித மார்பைத் தவறவிட அது போதும். அமெரிக்க எம்1 காரண்டில் பின்குறி, கண்ணருகே அமைந்த ஒரு சிறு துளை. இடைத்தூரமும் சுமார் 71 செ.மீ. அதே ஒரு மில்லிமீட்டர் விலகல் அதில் 300 மீட்டரில் 42 செ.மீ. பிழையாகக் குறைகிறது. துளை வழியே பார்க்கும்போது முன்குறி, இலக்கு இரண்டும் சற்றுக் கூடுதல் தெளிவுடன் தெரிவதும் இயல்பான ஆதாயம். ஒரே போரின் இரு எதிர்த்தரப்பு வீரர்களின் அனுபவத்தில் இது மெய்யான வேறுபாடு.

பெரும்பாலான விளையாட்டுகளில் இந்த வேறுபாடு படமாக மட்டுமே எஞ்சுகிறது. ஒன்றில் வெட்டு, மற்றதில் வட்டத்துளை. ஆனால் முன்குறி பின்குறிக்குள் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கி ஆடினாலும் இரண்டும் ஒன்றாகவே ஆடுகின்றன. ஒன்றுக்கொன்று விலகுவதே இல்லை. எனவே ரைஃபிள் வீரரின் மிகப் பெரிய பிழை பிறக்கும் இடம் அடைபட்டுப் போகிறது. வட்டத்துளையின் விளிம்பு திரையை அதிகம் மறைப்பதால், காரண்ட் உண்மையில் தந்த ஆதாயம் திரையில் இடைஞ்சலாகவும் மாறிவிடுகிறது.

குறிபார்க்கும்போது காட்சி பெரிதாகும் வழக்கத்தை நிஜத்துக்கு மாறானது என்று கண்டிப்பவர்கள் உண்டு. வெறும் இரும்புக் குறிகள் எதையும் பெரிதாக்கிக் காட்டா என்பது அவர்கள் வாதம். இந்தக் கண்டனம் திரையின் இயல்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 300 மீட்டர் தொலைவில் நின்றால், கண்ணில் அவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகைக் கோணம் அமைப்பார். இயல்பான கண் ஒரு பாகையில் 60 கூறுகளைப் பிரித்தறியும் என்பதால், அந்த உருவத்தை உயரவாக்கில் ஏறத்தாழ 20 கூறுகளாகக் காண முடியும். கிடைவாக்கில் 1920 படப்புள்ளிகள் கொண்ட திரையில் 90 பாகைப் பார்வைப் பரப்பைக் காட்டினால் அதே மனிதர் ஐந்து படப்புள்ளி உயரத்துக்குச் சுருங்கிவிடுவார். கண்ணுக்கு நிகரான கூர்மை வேண்டுமென்றால் பார்வைப் பரப்பைச் சுமார் 32 பாகைக்குக் குறுக்க வேண்டும். அதைத்தான் ‘பெரிதாக்கல்’ செய்கிறது. திரை பறித்துக்கொண்ட கண்கூர்மையை அது திருப்பித் தருகிறது. பிழையைக் குறைப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் பொய்யான ஒரு பிழையை நீக்குகிறது. ஆகவே நிஜத்தன்மைக்குப் பெயர்பெற்ற ரெட் ஆர்க்கெஸ்ட்ரா 2 மூச்சை அடக்கும் செயலோடு பெரிதாக்கலை இணைத்ததைச் சமரசம் என்று கொள்ளாமல் சரியான கணிப்பு என்றே கொள்ள வேண்டும்.

குண்டின் பறப்பு அடுத்த கேள்வி. காரண்டின் தோட்டா நொடிக்குச் சுமார் 853 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. 300 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 0.4 நொடி ஆகிறது. நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுபவர் அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். புவியீர்ப்பு குண்டைக் குழலின் கோட்டிலிருந்து முக்கால் மீட்டர் அளவுக்குக் கீழே இழுத்திருக்கும். உடனடிக் கோடு வரையும் விளையாட்டுகள் இவை இரண்டையும் துடைத்துவிடுகின்றன. 2006இல் டிரிப்வயர் நிறுவனம் வெளியிட்ட ரெட் ஆர்க்கெஸ்ட்ரா: ஆஸ்ட்ஃபிரண்ட் 41-45 இவற்றைக் கணக்கிட்டது, குறுக்குக்கோட்டை முற்றாக நீக்கியது. 2011இல் ஸ்டாலின்கிராடைக் களமாக்கிய அதன் தொடர்ச்சியில், பின்குறியைத் தொலைவுக்கு ஏற்ப உயர்த்தவும் தாழ்த்தவும் ஆட்டக்காரருக்கு வசதி தரப்பட்டது. 98கேயின் பின்குறியில் 100 முதல் 2000 மீட்டர் வரை அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆனால் விளையாட்டின் தெருக்களிலும் தொழிற்கூடங்களிலும் அந்த வசதிக்கு அரிதாகவே வேலை வருகிறது. இது குறையன்று. ஸ்டாலின்கிராடில் அறைக்கு அறை நடந்த போரிலும் பின்குறியின் மேல்அளவுகளுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. கருவி இருந்தும் பயன்படாமல் போவதுகூட ஒரு வரலாற்று உண்மைதான்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 2016இன் பேட்டில்ஃபீல்ட் 1. முதல் உலகப் போரைச் சித்தரிக்கும் அதில் குண்டுகள் பறக்கின்றன, தாழ்கின்றன. ஆயினும் போல்ட் ரைஃபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தொலைவு வகுக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் எதிரியின் மார்பில் பட்டால் ஒரே குண்டில் வீழ்வார். அதைவிட நெருங்கி நின்றால் வீழமாட்டார். தொலைவு கூடக் கூடக் குண்டின் ஆற்றல் குறையும் என்ற விதி இங்கே தலைகீழாகிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி இடம் தந்து ஆட்டத்தைச் சமநிலைப்படுத்தும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் வரலாற்றில் எங்கும் இல்லாத ஒரு பிழை இதனால் புகுத்தப்பட்டது. லீ-என்ஃபீல்டு ஏந்திய வீரர் எதிரியிடம் நெருங்கிவிட்டோமே என்று அஞ்சியிருக்கலாம். தன் குண்டு வலுவிழந்துவிட்டதே என்று அஞ்சியிருக்க முடியாது. முன்மாதிரி நிலையைத் தாண்டாத தானியங்கித் துப்பாக்கிகளை அகழிகளெங்கும் நிறைத்ததைப் பற்றியே விமர்சகர்கள் அதிகம் பேசினர். குறிபார்த்தலின் கோணத்தில் இந்தத் தலைகீழாக்கம் அதைவிடப் பெரிய விலகல்.

கையைப் பற்றிய சிக்கல் வேறு வகை. மௌஸ் மிக நுண்ணிய கருவி. மேசைமேல் ஓய்வாக இருக்கும் மணிக்கட்டு, நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள ரைஃபிளைத் தூக்கி நிற்கும் தோளின் நடுக்கத்தை அறியாது. அந்த நடுக்கத்தை விளையாட்டுகள் துப்பாக்கியின் மெதுவான ஊசலாகச் சேர்க்கின்றன. பல விளையாட்டுகளில் இந்த ஊசல் ஒரே வடிவத்தில் மீண்டும் மீண்டும் வருவதால் ஆட்டக்காரர் அதைக் கற்றுக்கொண்டு வென்றுவிடுகிறார். உடல் நிலைக்கும் களைப்புக்கும் ஏற்ப அது மாறினால் மட்டுமே பொருள் உண்டு: ஓடிவந்து நின்றவருக்கு ஒரு நடுக்கம், குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றியவருக்கு வேறு நடுக்கம். ரெட் ஆர்க்கெஸ்ட்ராவின் நல்ல ஏற்பாடு, இடுப்பிலிருந்து சுடும்போது துப்பாக்கியைப் பார்வையிலிருந்து விடுவித்தது. குழல் திரையின் நடுவில் பூட்டப்படாமல் ஓர் எல்லைக்குள் தனியே திரும்பும். குழல் எங்கே நோக்குகிறது என்பதைக் குழலைப் பார்த்தே அறிய வேண்டும். இங்கே பிழை நிரலின் தற்செயல் எண்ணில் பிறக்கவில்லை, ஆட்டக்காரரின் மதிப்பீட்டில் பிறக்கிறது.

சோவியத் மோசின்-நாகாந்த் 91/30 ரைஃபிளின் குறிகள் பயனெட் பொருத்திய நிலையில் சரிபார்க்கப்பட்டவை. பயனெட்டைக் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும். இதைப் பாவனை செய்ய நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆயினும் இத்தகைய விவரங்களை அடுக்கிக்கொண்டே போவதால் மட்டும் நிஜத்தன்மை கூடிவிடாது. அந்த விவரம் ஆட்டக்காரரை ஒரு முடிவெடுக்க வைக்கிறதா என்பதே உரைகல். நெரிசலான படிக்கட்டில் நீண்ட பயனெட்டைக் கழற்றுவதா, கழற்றினால் குறி மாறுமே என்று அவர் தயங்க நேர்ந்தால் அந்த விவரம் வரலாற்றைச் சொல்கிறது.

பின்னோக்கிக் கருமருந்துக் காலத்துக்குச் சென்றால் பிழையின் இருப்பிடமே வேறு. பிரிட்டிஷ் படையின் பிரௌன் பெஸ் மஸ்கட்டின் குழல் விட்டம் 0.75 அங்குலம்; அதில் இடப்பட்ட ஈயக்குண்டு சுமார் 0.69 அங்குலம். வரிப்பள்ளம் இல்லாத குழலுக்குள் குண்டு சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசை மாறும். அதில் பின்குறியே கிடையாது. அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய கர்னல் ஜார்ஜ் ஹேங்கர், சாதாரணப் படைவீரரின் மஸ்கட்டால் 200 கெஜத் தொலைவில் ஒரு தனிமனிதரைக் குறிவைப்பது வீண் என்று 1814இல் எழுதினார். இங்கே ஒரு விந்தை வெளிப்படுகிறது. கால் ஆஃப் டூட்டியின் தற்செயல் கூம்பு காரண்டுக்குப் பொய். பிரௌன் பெஸ்ஸுக்கு மெய். நெப்போலியன் காலப் போர்களைக் காட்டும் ஹோல்ட்ஃபாஸ்ட் விளையாட்டில், நன்றாகக் குறிபார்த்தும் குண்டு விலகிப் போகும்போது ஆட்டக்காரருக்கு எரிச்சல் வரலாம். அந்த எரிச்சலுக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. படைகள் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்கு அதுவே ஒரு முதன்மைக் காரணம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிழை மறுபடியும் இடம் மாறியது. 1861 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்-மஸ்கட்டின் குழலில் வரிப்பள்ளம் உண்டு. மினியே குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறும். குழலின் பிழை பெரிதும் குறைந்தது. ஆனால் குண்டின் வேகம் நொடிக்கு 300 மீட்டர் அளவில்தான் இருந்தது. 300 கெஜத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் அது கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தாழும். அதை ஈடுசெய்யும் வகையில் பின்குறியில் 100, 300, 500 கெஜத்துக்கு மடக்குத் தகடுகள் இருந்தன. 300 கெஜத் தகட்டை உயர்த்திச் சுட்டால் குண்டு பாதி வழியில் பார்வைக் கோட்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கும். எதிரியின் இடுப்பைக் குறிவைத்தவர், அந்த எதிரி உண்மையில் 150 கெஜத்தில்தான் இருந்தால், அவர் தலைக்கு மேலே சுட்டிருப்பார். தொலைவைத் தவறாக மதிப்பிடுவதே இந்தக் காலத்தின் தலையாய பிழை. பிரிட்டன் 1853இல் ஹைத் நகரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியை நிறுவித் தொலைவு மதிப்பிடுவதைப் பாடமாக்கியது. அமெரிக்காவின் இரு தரப்புத் தொண்டர் படைகளும் அத்தகைய பயிற்சியைப் பெரும்பாலும் பெறவில்லை. ரைஃபிள்-மஸ்கட் போர்முறையையே புரட்டிப்போட்டது என்ற பழைய கருத்தை மறுத்து 2008இல் நூலெழுதிய வரலாற்றாளர் எர்ல் ஹெஸ், பெரும்பாலான துப்பாக்கிச் சண்டை வரிப்பள்ளம் இல்லாத மஸ்கட் காலத்துக்கு நிகரான குறுந்தொலைவிலேயே நடந்தது என்று வாதிட்டார்.

1862 செப்டம்பரின் மேரிலாந்துப் படையெடுப்பையும் ஆன்டீட்டம் போரையும் சித்தரிக்கும் வார் ஆஃப் ரைட்ஸ் இந்தச் சிக்கலை வேறொரு வழியில் அணுகுகிறது. குறுக்குக்கோடு இல்லை; ஒரு சுற்றுச் சுட்டதும் கருமருந்துப் புகை முன்னால் திரளும்; மறுபடி குண்டேற்றப் பொறுமை வேண்டும். அவற்றைவிட முக்கியமானது, அணியோடு நின்று இறப்பவரைவிட அணியை விட்டு விலகி இறப்பவரால் அவர் தரப்புக்கு நேரும் இழப்பு கூடுதல் என்ற விதி. தனித்துப் பதுங்கித் துல்லியமாகச் சுடுவதில் ஒருவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அது தரப்புக்கு இலாபமில்லை. குறிபார்த்தல் தனிமனிதத் திறனாக இல்லாமல் அணியின் கட்டளைக்கு உட்பட்ட செயலாக இருந்த காலத்தை இந்த ஒரு விதி உணர்த்துகிறது. துப்பாக்கியின் உருவத்தில் செய்யும் எந்த மெருகாலும் இதைச் செய்திருக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டுக்குத் திரும்பினால், பிழை துப்பாக்கியை விட்டு முற்றிலும் மனிதருக்குள் குடியேறியிருப்பதைக் காணலாம். அமெரிக்கத் தரைப்படைக்காக ஆய்வு செய்த செயல்பாட்டு ஆராய்ச்சி அலுவலகத்தின் சார்பில் நார்மன் ஹிட்ச்மன் 1952இல் அளித்த அறிக்கை இதற்கு வலுவான சான்று. களத்தில் ரைஃபிள் பயன்படும் தொலைவு பெரும்பாலும் 300 கெஜத்துக்குள் அடங்குகிறது, சாதாரண வீரரின் துல்லியம் 100 கெஜத்துக்கு அப்பால் வேகமாகச் சரிகிறது என்று அது காட்டியது. ரைஃபிளால் இயன்றதற்கும் மனிதரால் இயன்றதற்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் இன்னும் கடுமையான கூற்றை முன்வைத்தார்: போரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே துப்பாக்கியை இயக்கினர் என்றார். அதற்கு ஒழுங்கான தரவுகள் இருந்ததாகத் தெரியவில்லை என்று 1988இல் ரோஜர் ஸ்பில்லர் காட்டிய பிறகு, அந்த எண்ணைச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் எண்ணைத் தள்ளிவிட்டாலும், எதிரியைக் காணாமலே, அவர் இருக்கக்கூடிய வேலியையும் சன்னலையும் நோக்கிச் சுடுவதே காலாட்படையின் அன்றாடம் என்ற உண்மை நிற்கிறது.

விளையாட்டுகளில் எதிரி தெரிகிறார், தெரிந்தே ஆக வேண்டும் என்பது எழுதாத விதி. ரெட் ஆர்க்கெஸ்ட்ரா 2, ஹெல் லெட் லூஸ் போன்றவை அடக்கும் சூட்டுக்கு ஒரு விளைவைக் கொடுத்தன. அருகில் குண்டு பறந்தால் காட்சி மங்கும், குறி குலையும். அச்சத்தை உணர முடியாத ஆட்டக்காரரின் கண்ணை மறைத்து அச்சத்தின் பயனை மட்டும் உண்டாக்கும் முறை இது. தன் கட்டுப்பாடு பறிக்கப்படுவதாகச் சிலர் இதை வெறுக்கின்றனர். ஆனால் இதில்லாமல், எதிரியைத் தாக்காத குண்டு எல்லாம் வீண் குண்டு என்றாகிவிடும். இயந்திரத் துப்பாக்கி எதற்காகப் படைப்பிரிவின் மையமாக இருந்தது என்பதே விளங்காமல் போகும். ஆதலால் இந்தச் செயற்கைப் பிழை, குறிபார்த்தல் சார்ந்த பாவனைகளில் மிகவும் நியாயமானது.

வரலாற்று விளையாட்டுகளை ஆராய்ந்த ஆடம் சாப்மன், கடந்த காலத்தின் தோற்றத்தைக் காட்ட முயலும் பாவனையையும், அதைப் பற்றி விதிகள் வழியே கருத்துரைக்கும் பாவனையையும் 2016இல் வெளியான தம் நூலில் பிரித்துக் காட்டினார். முதல்நபர் சுடும் விளையாட்டுகள் முதல் வகையில் சேர்க்கப்படுவது வழக்கம். ஆண்ட்ரூ சால்வட்டி, ஜோனதன் புல்லிங்கர் ஆகியோரும் இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகள் துப்பாக்கி முதலிய தொழில்நுட்ப விவரங்களைத் தேர்ந்தெடுத்து மெய்ம்மையின் முத்திரையாகப் பயன்படுத்துவதைச் சுட்டிக்காட்டியுள்ளனர். அந்த விமர்சனம் பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் மேலே கண்ட அணி விதியும், விடுவிக்கப்பட்ட குழலும், அடக்கும் சூடும் தோற்றத்தின் பாற்பட்டவை அல்ல. அவை விதிகள். ஒரு காலத்தின் துப்பாக்கிச் சண்டை ஏன் அப்படி நடந்தது என்பதற்கு அவை விளக்கம் தருகின்றன. சுடும் விளையாட்டு தோற்றத்தைத் தாண்டிக் கருத்துரைக்கும் இடம், பிழையை வைக்கும் இந்த இடமே.

மெய்நிகர் தலைக்கவசக் கருவிகள் சில பிழைகளை அவற்றின் சொந்த இடத்துக்கே திருப்பியுள்ளன. 2016 முதல் வளர்ந்துவரும் ஹாட் டாக்ஸ், ஹார்ஸ்ஷூஸ் அண்ட் ஹேண்ட் கிரனேட்ஸ், 2020இல் வந்த மெடல் ஆஃப் ஆனர்: அபோவ் அண்ட் பியாண்ட் ஆகியவற்றில் முன்குறியையும் பின்குறியையும் ஆட்டக்காரரே தம் கைகளாலும் கண்ணாலும் கோடுபடுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகல் இங்கே மறுபடியும் பொருள் பெறுகிறது. ஆனால் தோளில் அழுந்தும் அடிக்கட்டையும் கன்னத்தில் படும் மரமும் இல்லாததால், வெறும் காற்றில் பிடித்த நீண்ட ரைஃபிள் உண்மையைவிட அதிகமாக அலைகிறது. அதற்கு ஈடாகத் துப்பாக்கியைத் தோளோடு பிணைப்பதாகக் கணக்கிடும் உதவி நிரல் சேர்க்கப்படுகிறது. சிலர் கைப்பிடிகளைப் பொருத்தும் சட்டங்களை வாங்கிக்கொள்கின்றனர். குவெஸ்ட் 2 போன்ற கருவியில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 20 படப்புள்ளிகளே கிடைப்பதால், 300 மீட்டரில் நிற்கும் மனிதர் ஆறேழு படப்புள்ளிகளுக்கு மேல் உயரமாட்டார். இவற்றின் கண்ணாடிவில்லைகள் காட்சி முழுவதையும் ஒரே குவியத் தொலைவில் காட்டுகின்றன. அதனால் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன, எதில் பார்வையைக் குவிப்பது என்ற கேள்வி இன்னும் எழுவதில்லை.